மேசைக்கு அடியில் கிடந்த படம்

ராமநாதபுரம் சிடி கடையில இன்னைக்குச் சண்டை.

வாடகைக்கு எடுத்த படத்தைத் திருப்பிக் குடுக்கப் போனேன். பம்பாயில ரெண்டு ஆம்பளைங்க ஒண்ணா வாழுறாங்க. ஒருத்தன் செத்ததும் அவன் வீட்டாளுக வந்து பொணத்தைத் தூக்கிட்டுப் போயிடுறாங்க. மத்தவன், செத்தவனோட சட்டையைத் துவைக்காம வச்சிருக்கான். அவ்வளவுதான் கதை.

கடைக்காரன் கண்ணடிச்சான். "என்னண்ணே, செம சூடா?"ன்னுட்டு, அதைப் பேப்பர்ல சுத்தி மேசைக்கு அடியில தள்ளினான்.

"ஏலே, நீ பாத்தியா?"

"ச்சீ! அதெல்லாம் நான் பாக்குறதில்லண்ணே."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. உச்சிப்புளியில நான் காதலிச்சவன் செத்தப்ப, "கூட்டாளி"ன்னு சொல்லி, சொந்தக்காரங்க எல்லாரும் போட்டப்புறம் கடைசி ஆளா வாய்க்கரிசி போட்டவன் நான்.

படத்தைப் பிடுங்கி, 'குடும்பப் படம்'னு எழுதின தட்டுல முன்னால வச்சிட்டு வந்தேன்.

நாளைக்கு அந்தப் பக்கம் போறவுக, அது அங்கனயே இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.