மூன்றாவது பொத்தான்

மெல்பேர்னுக்கு வந்த புதிதில் நாங்கள் நாலு பேர் சன்ஷைன் என்ற புறநகரில் ஒரு வீட்டில் இருந்தோம். நாலு பேருக்கும் சேர்த்து ஒரேயொரு நல்ல கோட் இருந்தது.

கறுப்புக் கம்பளிக் கோட், முழங்கால் வரை வரும். வீட்டில் மூத்தவரை நாங்கள் அண்ணை என்று கூப்பிட்டோம். அவர்தான் பழைய உடுப்பு விற்கும் கடையொன்றிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரோ உயரமான வெள்ளைக்காரன் போட்டுத் தேய்த்த கோட். முன்பக்கம் ஐந்து பொத்தான் இருக்க வேண்டும். மேலிருந்து மூன்றாவதைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு சின்ன நூல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். தைக்க வேண்டும், தைக்க வேண்டும் என்று நாலு பேரும் மாறி மாறிச் சொன்னோமே தவிர, ஒருத்தரும் ஊசியைத் தொடவில்லை.

அந்தக் கோட் குளிருக்காக வாங்கியது என்று நினைக்கக் கூடாது. படம் எடுப்பதற்காக வாங்கியது.

படகில் வந்தவர்கள் நாங்கள். நிரந்தர வதிவிடம் கிடைக்கும்வரை ஊரில் இருக்கும் மனைவியைக் கூப்பிட முடியாது. எப்போது கிடைக்கும் என்று கேட்டால் சொல்லவும் ஆளில்லை. ஆகவே படம் அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்து, நாலு பேரும் ரயிலேறி நகரத்துக்குப் போவோம். படம் எடுப்பது என் வேலை, ஏனென்றால் என் போன்தான் கொஞ்சம் நல்லது. பிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷனின் மஞ்சள் கட்டடத்துக்கு முன்னால் அண்ணை நிற்பார். எடுத்து முடிந்ததும் கோட் கை மாறும். அடுத்தவர் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கத்துப் பெரிய தேவாலயத்தின் படியில் நிற்பார். பிறகு பாலம், பிறகு நூலகம். கோட் இல்லாத மற்ற இரண்டு பேரும் கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, "கெதியா எடு மச்சான், பல்லுக் கிட்டுது" என்று கத்துவார்கள்.

நான் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். ஒரே ஞாயிறு இரண்டு பேரை ஒரே இடத்தில் நிறுத்த மாட்டேன். ஊரில் மனைவிமார் கதைத்துக்கொண்டால் எல்லாரும் கூட்டமாகப் போய் எடுத்தது தெரிந்துவிடுமாம்! அப்படி ஒரு முன்யோசனை எனக்கு. பின்னால் இருக்கிற கட்டடத்தை மாற்றினேன், நிற்கிற கோணத்தை மாற்றினேன், தலைச்சீவலைக்கூட மாற்றச் சொன்னேன். போட்டிருக்கிற கோட் என் மண்டையில் உறைக்கவேயில்லை.

கல்யாணம் முடிந்து எட்டு மாதத்தில் புறப்பட்டு வந்தவன் நான். என் மனைவி யாழ்ப்பாணத்தில் தன் தாயுடன் இருந்தாள். படம் போய்ச் சேர்ந்ததும் "வடிவாயிருக்கிறியள்" என்று எழுதுவாள். அந்த ஒரு சொல்லுக்காக அடுத்த ஞாயிறு வரை கோழி வெட்டும் தொழிற்சாலையின் குளிர் அறையில் நிற்பேன். வேலையில் தருகிற தடித்த ஜாக்கெட்டை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்கு வரும்போது இரண்டு சுவெட்டர்தான். அவள் கவலைப்படக் கூடாது என்றுதான் கோட் போட்ட படத்தை அனுப்பினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அது மட்டுமில்லை. காத்திருக்கத் தகுந்த ஆள் என்று அவள் நினைக்காமல் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் குட்டு உடைந்தது. அண்ணையின் மனைவியும் என் மனைவியும் வேறு வேறு ஊர். போனில் கதைத்திருக்கிறார்கள், நேரில் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தி வரத் தாமதம். இருவரும் போனை எடுத்து, என்ர அவர், உன்ர அவர் என்று காட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.

அதே கோட். பெரிசாக்கிப் பார்த்தால் அதே மூன்றாவது பொத்தான் இல்லை, அதே நூல் துருத்திக்கொண்டு நிற்கிறது. கையும் களவுமாகப் பிடிபட்டோம்.

அண்ணையின் மனைவிக்குப் பந்தியில் உட்கார்ந்த பிறகும் சிரித்துச் சிரித்துப் புரையேறியதாம். அன்று பின்னேரமே அண்ணைக்குப் போன் எடுத்து, "அந்தப் பொத்தானைத் தொடாதேங்கோ. நான் வந்து தைப்பன்" என்று சொன்னாவாம். அண்ணைக்கு வாய் காது வரை போய்விட்டது. அதன்பிறகு யாரும் தைக்கப் போனால் ஏசுவார். ஆனால் படம் எடுக்கும்போது மட்டும் வெட்கப்பட்டு, வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்து அந்த இடத்தை மறைத்துக்கொள்வார்.

என் மனைவி சிரிக்கவில்லை. ஒரு கிழமை போன் எடுக்கவுமில்லை. என்னைப் பகட்டுக்காரன் என்று நினைத்துவிட்டாள், கல்யாண வீட்டில் அவமானப்பட்டுவிட்டாள் என்று நான் தவித்தேன். என்ன சொல்வது என்று குளிர் அறைக்குள் நின்று ஒத்திகை பார்த்தேன். கடைசியில் அவளே எடுத்தாள்.

"அப்ப உங்களிட்டக் கோட் இல்லை?"

"இல்லை."

"குளிருக்கு என்ன போடுறனீங்கள்?"

"ரெண்டு சுவெட்டர்."

"கழுத்துக்கு?"

நான் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"கழுத்துக்கு என்ன எண்டு கேட்டனான்."

"சாரம்" என்றேன். வரும்போது அவள் மடித்து வைத்துவிட்ட இடுப்பில் கட்டுகிற நீலக் கட்டம் போட்ட சாரத்தைத்தான் கழுத்தில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவேன்.

பிறகு சொன்னாள்: "இஞ்ச மார்கழிக் குளிருக்கே எனக்கு ஏலாது. அங்க நீங்கள் எப்பிடியோ எண்டு நெஞ்சு அடிக்கிற நேரமெல்லாம் அந்தக் கோட்டோட நிக்கிற படத்தைப் பாப்பன். பாத்துப்போட்டு நிம்மதியா நித்திரை கொள்ளுவன். ரெண்டு வருசம் என்னை ஏமாத்திப் பேய்க்காட்டிப்போட்டியள். நீங்கள் நடுங்கிக்கொண்டு நிக்க, நான் நல்லாப் படுத்து எழும்பியிருக்கிறன்."

"அது வந்து..." என்று ஒத்திகை பார்த்ததைத் தொடங்கினேன்.

"இனி எனக்கு வடிவான படம் வேண்டாம். உள்ளதை அனுப்புங்கோ. குளிருதெண்டா குளிருறது தெரியோணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

குளிரைப் படம் எடுப்பது லேசான வேலை இல்லை. மெல்பேர்னில் ஸ்நோ கொட்டுவதில்லை. கொட்டினால் சுகம், ஒன்றை எடுத்து அனுப்பிவிட்டு இருக்கலாம். இங்கே குளிர் காற்றில் வரும். வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே காதுக்குள் புகுந்துவிடும், ஆனால் படத்தில் பார்த்தால் சித்திரை மாதம் போல இருக்கும். முதல் படமாக, பஸ் தரிப்பில் கழுத்தில் சாரத்தோடு நிற்கிற என்னையே எடுத்து அனுப்பினேன். மூக்கு சிவந்திருந்தது. "உண்மையோ?" என்று கேட்டிருந்தாள். "உண்மை" என்றேன். "சாரத்தைத் தோயுங்கோ" என்று வந்தது.

அதன்பிறகு எந்தப் படத்துக்கும் முதலில் அந்த ஒரு கேள்விதான் வரும். உண்மையோ? வடிவாயிருக்கிறியள் என்பது நின்றுபோனது. அவள் என்னை மறுபடி நம்பவேண்டுமென்றால் படத்தால்தான் முடியும் என்று எனக்கு விளங்கியது.

அப்போதுதான் இந்த நகரத்தை நான் பார்க்கத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். அதற்கு முன் ஸ்டேஷன் என்றால் அண்ணையின் தோளுக்கு மேலே தெரிகிற மஞ்சள் சுவர், பாலம் என்றால் ஒருவரின் இடுப்புக்குப் பின்னால் ஓடுகிற கம்பி. எங்கள் படத்தில் ஆள் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு நிற்பார். இப்போது ஆளை விட்டுவிட்டுக் குளிரைத் தேடிப் போனேன். ரயில் கண்ணாடியில் படிந்த பனிப்புகாரை யாரோ விரலால் துடைத்த வட்டம், அதற்குள் விடிந்தும் விடியாத வானம். ஸ்டேஷன் வாசலில் வரிசையாகத் தொங்குகிற பழைய மணிக்கூடுகளுக்குக் கீழே, யாருக்காகவோ காத்து நின்று கைக்குள் ஊதுகிற ஒரு பெண். தேவாலயப் படியில் உடம்பை உப்பிக்கொண்டு இருக்கும் புறாக்கள். இலை கொட்டி முடிச்சு முடிச்சாக நிற்கும் மரங்கள். கருங்கல் பதித்த ஒடுங்கிய சந்தில் கோப்பிக் குவளையிலிருந்து எழும்புகிற ஆவி. நூலகத்துக்கு வெளியே பெரிய சதுரங்கக் காய்களைத் தூக்கி வைத்து விளையாடுகிற கிழவர்கள் விரல் வெட்டிய கையுறை போட்டிருப்பார்கள். மழை விட்டதும் ஈர ரோட்டில் கடைத்தெரு முழுவதும் தலைகீழாகக் கிடக்கும், அதைக் கிழித்துக்கொண்டு டிராம் ஒன்று போகும்.

"நல்லாயிருக்கு. ஆனா உங்களைக் காணேல்லை" என்று எழுதினாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆளை எடுத்தால் பேய்க்காட்டு, ஊரை எடுத்தால் ஆளைக் காணவில்லை! ஆனாலும் அடுத்த படத்தில் மூலையில் என் சப்பாத்தின் நுனியை விட்டேன். அதற்கடுத்ததில் கம்பியைப் பிடித்திருக்கும் என் கை. குளிர்காலத்தில் மத்தியானமே வெயில் சாய்ந்து விழும். ரயில் மேடையில் என் நிழல் பனைமரம்போல் நீண்டு கிடந்ததை ஒருநாள் எடுத்தேன். அவள் ஒவ்வொன்றிலும் என்னைத் தேடிக் கண்டுபிடித்துச் சொல்வாள். "சப்பாத்து வாய் பிளக்குது, மாத்துங்கோ." "கை வெடிச்சிருக்கு, எண்ணெய் பூசுங்கோ." அப்படியே பதின்மூன்று குளிர்காலம் போனது. நடுவில் நான் சொந்தமாக ஜாக்கெட் வாங்கினேன். அதையும் படமெடுத்து அனுப்பினேன். "உண்மையோ? உங்கடயோ?" என்று இரண்டு கேள்வி வந்தது.

போன வருசம் எனக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது. இந்தக் குளிர்காலம் அவள் வந்தாள். அண்ணையின் விசாக் கேஸ் இன்னும் இழுபடுகிறது.

விமான நிலையத்துக்குப் புறப்பட்ட காலையில் அண்ணை கோட்டோடு வந்து நின்றார். "கொண்டு போ. தங்கச்சி மெல்லிய உடுப்போடதான் வருவா" என்றார். அவர் சொன்னது சரி. ஒரு மெல்லிய சுவெட்டரோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எனக்குத் தலை நரைத்திருந்தது, அவளுக்கும் காதோரம் நரைத்திருந்தது. நான் கோட்டை விரித்துப் பிடித்தேன். அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டாள். போட்டுக்கொண்டபோது கைகள் இரண்டும் உள்ளே மறைந்துபோயின. விரலை வெளியே எடுத்து, பொத்தான் இல்லாத இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

கதவு திறந்தது. காற்று முகத்தில் அடித்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். வாயிலிருந்து மூச்சு புகைபோல் போவதைப் பார்த்தாள், இன்னொரு முறை வேண்டுமென்றே ஊதிப் பார்த்தாள்.

"உண்மைதான்" என்றாள்.

பதின்மூன்று வருசத்தில் அது கேள்வியாக இல்லாமல் வந்தது அன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"காத்து, கண்ணுக்குள்ள அடிக்குது" என்றேன்.

"பேய்க்காட்ட வேண்டாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு கோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலையில் அவள் கைப்பையிலிருந்து ஒரு கடதாசி மடிப்பை எடுத்துப் பிரித்தாள். உள்ளே நாலு ஓட்டை வைத்த ஒரு கறுப்புப் பொத்தான்.

"அக்கா தந்துவிட்டவ" என்றாள். அண்ணையின் மனைவியைத்தான் சொன்னாள். "படத்தைப் பெரிசாக்கி மற்றப் பொத்தானுகளைப் பாத்து, கடை கடையா ஏறி இறங்கி எடுத்தவ."

"அவ தான் வந்து தைப்பன் எண்டெல்லோ சொன்னவ?"

"ஓம். இன்னும் எத்தினை குளிர் போகுமோ தெரியாது, அதுவரைக்கும் அவற்ர நெஞ்சில காத்து அடிக்கும், நீ தைச்சு விடு எண்டவ." சொல்லிவிட்டு நூலைக் கோத்தாள். பழைய நூலை வெட்டி எறியாமல் பொத்தானுக்கு அடியிலேயே வைத்துத் தைத்தாள்.

நகரத்துக்கு மூன்று பேராகப் போனோம். ஸ்டேஷன் வாசலில் மணிக்கூடுகளுக்குக் கீழே நிற்கச் சொல்லி அண்ணைக்குக் கோட்டைக் கொடுத்தோம். போட்டுக்கொண்டு பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு வந்தவரின் விரல் மூன்றாவதில் நின்றது. யார் தந்தது என்று என் மனைவி சொன்னாள். அவர் மெதுவாக அதைப் பூட்டினார்.

நான் போனைத் தூக்கினேன். பழக்கதோசம், அண்ணையின் வலது கை தானாகவே எழும்பி நெஞ்சுக்குக் குறுக்கே போனது.

"கையை எடுங்கோ அண்ணை" என்றாள் என் மனைவி. "அக்கா பெரிசாக்கிப் பாப்பா."

கையை எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கத்தில் தொங்கவிட்டார். நான் எடுத்தேன். அந்த இடத்திலேயே நின்று அனுப்பினோம். ஒரு டிராம் வந்து, ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போனது. பதில் வந்தது. அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, எங்களுக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"வடிவாத் தைச்சிருக்கிறா. இண்டைக்கு நித்திரை கொள்ளுவன்."

போனை என்னிடம் தந்துவிட்டு, ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றார்.

"காத்து" என்றார்.

நாங்கள் இருவரும் ஓம் என்றோம்.