வயிற்றைத் தடவக் கொடுக்காதீர்கள்

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. பாகூர்ப் பக்கம் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர். மருந்து கலப்பதோடு எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வயிற்று வலி என்று வருகிறவர்களிடம், “யாரிடமும் வயிற்றைத் தடவக் கொடுக்காதீர்கள்” என்று சொல்லி அனுப்ப வேண்டும். டாக்டரின் உத்தரவு. ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது சொல்வேன், என் வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி.

எனக்கும் வலிதான். சாப்பிட்டு எழுந்தால் இடது பக்கம் முறுக்கிப் பிடிக்கும். டாக்டர் தண்ணி மருந்து எழுதிக் கொடுத்தார். அதை நானே கலந்து நானே குடித்தேன். அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததாலோ என்னவோ, வலி கேட்கவில்லை.

நல்லவாட்டிலிருந்து மீன் கூடையோடு வரும் அம்மாவை ஒரு நாள் என் மனைவி வீட்டுக்குள் கூப்பிட்டுவிட்டாள். எண்ணெய் தொட்டு வயிற்றை நீவி விடுவதை அங்கே வயிறு தட்டுவது என்பார்கள்; அதில் நல்ல கை என்று சுற்று வட்டாரத்தில் அவருக்குப் பேர். நான் யாரிடம் போகாதீர்கள் என்று சொல்லி வந்தேனோ, அவரேதான்.

அவர் மீன் வாடை போகப் புளி போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். உடனே தொடவில்லை.

“ஜொரம் கீதா? வாந்தி? வெளிக்கிப் போனா ரத்தம் வருதா?”

“இல்லை.”

“இருந்தா நான் கை வெக்க மாட்டேன். ஒன் டாக்டராண்டதான் போவணும்.”

டாக்டர் என்னிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

பாயில் படுத்து முழங்காலை மடக்கச் சொன்னார். வெதுவெதுப்பான விளக்கெண்ணெயைத் தொட்டு, தொப்புளுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைச் சும்மா வைத்திருந்தார். அழுத்தவே இல்லை.

“இன்னாபா, வயித்த இப்படி இழுத்துப் புடிச்சிக்கினு கீற? மூச்ச வுடு.”

விட்டேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கை மெதுவாக வட்டம் போட ஆரம்பித்தது. உள்ளே ஏதோ கடகடவென்று நகர்ந்தது. என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனாள். மூன்று தடவை அந்த அம்மா வந்தார். வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் உட்கார்ந்து வேலை பார்க்க முடிந்தது.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். “மருந்து வேலை செஞ்சிருக்கு பாத்தியா?” என்றார். “ஆமாம் சார்” என்றேன். அதன் பிறகு வயிற்று வலிக்காரர்களுக்கு என்னைத்தான் சாட்சியாகக் காட்டினார்.

சில மாதம் கழித்து, ஒரு காலை வரிசையில் அந்த அம்மாவே நின்றார். அவருக்கு வயிற்று வலி. டாக்டர் அதே தண்ணி மருந்தை எழுதினார். பாட்டிலை நீட்டும்போது குனிந்து கேட்டேன்: “நீங்களே இங்க வரலாமா?”

“என் வயித்த நானே எப்படிபா தட்டிக்கறது? வேற யார் கையும் எனக்குப் புடிக்கல.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “அவங்ககிட்ட சொல்லிட்டியா?”

வேறு வழியில்லை. “யாரிடமும் வயிற்றைத் தடவக் கொடுக்காதீங்க” என்றேன்.

“குடுக்க மாட்டேங்க” என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல்.

அடுத்த வாரம் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வலி எப்படி என்று கேட்டேன்.

“கொஞ்சம் பரவால்ல.”

எனக்கும் அவ்வளவுதான் என்றேன்.