ஏரிக்கரைப் பலகைக்கு ரெண்டடி இடம்

இன்று காலை வடக்கே நாங்கள் இருக்கும் காலனியின் ஏரிக்கரையில் வரலாற்றுப் பலகை ஒன்றை நட வந்தார்கள். "காலனி வரும்வரை இது ஆளே இல்லாத காடு" என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் பளபளவென்று எழுதியிருந்தது. எழுதிய மகானுக்கு ஏசி ரூமிலிருந்தே காடு தெரிந்திருக்கிறது.

குழி தோண்டியவர் விழுப்புரம் பக்கத்துச் செல்வி. கடப்பாரை ஒரு அடிக்கு மேல் இறங்கவில்லை.

"ஜல்தி கரோ!" என்று அவசரப்படுத்திக் கத்தினார் சூப்பர்வைசர்.

செல்வி என்னைப் பார்த்துச் சொன்னார்: "கீழ சிமெண்டு தரைக்கா. எங்க ஊட்டுத் தர. இந்தக் காலனிக்குக் கல்லு சொமந்தப்ப இங்கதான் குடியிருந்தோம். இடிச்சப்ப கூரைய எடுத்துக்கிட்டோம். தரைய எப்டி எடுக்கறது?"

இதை அப்படியே சூப்பர்வைசரிடம் இந்தியில் சொன்னேன்.

பலகையைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். "அச்சா" என்றார்.

வாசகத்தைத் திருத்தப்போகிறார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அப்போ ரெண்டடி தள்ளித் தோண்டச் சொல்லுங்க."

தள்ளித் தோண்டினார்கள். மறுபடியும் 'ணங்'.

செல்வி சிரித்தார்: "அது பக்கத்து ஊடுக்கா."

பலகை இன்னும் வெயிலில் படுத்துக் கிடக்கிறது. ஆளே இல்லாத காடு ரெண்டடி யாரிடமாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.