நோ அக்கா

"கைய எட்து மடில வைங்க. மவுசத் தொடாதீங்க."

இதைச் சொல்லிவிட்டுத்தான் கார்குழலி நாற்காலியை இழுத்துப் போடுவார். பிறகு பையிலிருந்து ஈரத்துணி வெளியே வரும். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் எந்தக் கடைக் கணினியின் திரையிலும் துருத்தூள் படிந்திருக்கும். உலர்ந்த துணியால் வட்டமாகத் துடைத்தால் கண்ணாடி கீறிவிடும். மேலிருந்து கீழாக, ஒரே திசையில், மூன்று இழுப்பு. அதற்கப்புறம்தான் திரையின் நடுவில் நிற்கும் அந்தச் சின்னப் பெட்டியைப் படிக்கத் தொடங்குவார்.

புதிதாக எந்த மென்பொருளை நிறுவப் போனாலும் திரை மங்கி, ஒரு பெட்டி எழும்பி, இந்தக் கணினியில் மாற்றம் செய்ய இதை அனுமதிக்கலாமா என்று கேட்குமே, அதுதான். நம்மில் பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டுவதுபோல 'யெஸ்' அமுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். கார்குழலி கண்ணாடியில் படாமல் விரலை ஓட்டி, வரி வரியாக உரக்கப் படிப்பார். மென்பொருளின் பெயர், அதை வெளியிட்டவரின் பெயர், கோப்பு எந்த வழியாக வந்தது என்ற விவரம். வெளியிட்டவர் பெயர் சரிபார்க்கப்பட்டதாக இருந்தால் பெட்டியின் தலையில் நீலப் பட்டை. யாரென்றே தெரியாவிட்டால் மஞ்சள்.

"மஞ்சா வந்தா மூடு. நீலம் வந்தா சரின்னு நென்ச்சிக்காத. நீலத்துல இன்னா பேரு கீது, நாம கூப்ட ஆளு அவன்தானான்னு பாரு. திருடவர்றவன் கலீஜாவா வருவான்? சோக்கா சட்ட போட்டுகினு வருவான்."

வயது நாற்பத்தொன்று. பன்னிரண்டாம் வகுப்போடு சரி. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் எண்கள் தட்டும் வேலைக்குச் சேர்ந்து, கணினி பழுது பார்க்க வருகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்டது மீதி. இன்று வியாசர்பாடியிலிருந்து காலை எட்டரைக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினால் சந்தையில் நாற்பத்துமூன்று கடைகளின் கணினிகள் அவருக்காகக் காத்திருக்கின்றன. சந்தேகம் வந்தால் பெட்டியில் 'நோ' அமுக்கிவிடுவதால், 'நோ அக்கா' என்பது சந்தை அவருக்குக் கேலியாக வைத்த பெயர். அவர் அதைத் தன் முகவரி அட்டையில், சொந்தப் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில் அச்சடித்துவிட்டார்.

புதிய கடை எதையும் ஏற்கும் முன் தன் பழைய தவறைச் சொல்லிவிடுவார். யாரும் கேட்க வேண்டியதில்லை.

"மொத வருசம், விம்கோ நகர்ல ஒரு பட்டற. பிரிண்டர் ஓடல. நெட்ல எத்தையோ எறக்கி, பாக்காம யெஸ் அமுக்கிட்டேன். பதினோரு மாச எட சீட்டு, மில்லு சர்டிபிகேட்டு, அல்லாம் பூட்டிகிச்சு. ஒண்ணுகூடத் தொறக்கல. வைரஸ்சு உள்ள வந்துச்சுன்னு சொல்வாங்க. வர்ல. இதான் கூப்டுச்சு." வலது ஆள்காட்டி விரல் எதிராளியின் முகத்துக்கு நேரே நீளும்.

வீட்டிலும் இப்படித்தான். மகள் ஷாலு கைபேசியில் டார்ச் செயலி ஒன்றைப் போட, அது தொடர்பு எண்களைக் கேட்டிருக்கிறது. "வெளிச்சம் போட்றதுக்கு எங்க ஆயா நம்பர் இன்னாத்துக்குடா உனுக்கு?" என்று கைபேசியையே அதட்டினாராம்.

தான் பார்க்கும் ஒவ்வொரு கடையிலும் கணினிக்கு இரண்டு வாசல் வைத்திருக்கிறார். ஊழியர்கள் நுழையும் வாசலில் எழுதலாம், அச்சடிக்கலாம். எதையும் நிறுவ முடியாது. நிறுவ வேண்டுமென்றால் முதலாளியின் கடவுச்சொல் வேண்டும். கம்பி வியாபாரி சண்முகவேல் அண்ணாச்சி இதற்காக முதல் நாளே சண்டை போட்டவர். "நா வாங்குன கம்ப்யூட்டரு, எங்கிட்டயே அனுமதி கேக்குதாக்கும்?"

சென்ற ஆடி மாதம் அவருடைய எடைமேடையில் எடை காட்டும் கருவியை மாற்றினார்கள். பழைய மென்பொருளால் புதிய கருவியைப் படிக்க முடியவில்லை. புதியதை நிறுவினால்தான் எடைச்சீட்டு. சீட்டு இல்லாமல் லாரி நகராது. மீஞ்சூர்ப் பக்கம் பாலம் கட்டும் இடத்துக்கு மதியத்துக்குள் கம்பி போயாக வேண்டும். ஏழு லாரிகள் ஏற்றி நின்றன. பெட்டி எழும்பியது. மஞ்சள்.

"கம்பெனி சைட்ல இருந்துதான் இறக்குனேன்" என்றார் மேலாளர் ஆன்றோ.

கார்குழலி விரலை மூன்றாவது வரிக்குக் கொண்டுபோனார். "ஆன்றோண்ணா, பென்டிரைவ்ல வந்துகீதுன்னு பொட்டி சொல்து."

ஆன்றோ கணினியின் பின்புறம் செருகியிருந்ததை உடம்பால் மறைக்கப் பார்த்தார். "எதிர்க்கடையில வாங்குனேன். அங்க நல்லாத்தானே ஓடுது!"

கார்குழலி 'நோ' அமுக்கினார்.

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏழு லாரி நிக்கி, நீ என்னம்மா பேரு படிச்சுக்கிட்டு இருக்க? போடுதியா, வேற ஆளக் கூப்பிடட்டா? இந்த வரிசையில பதினெட்டுக் கடை எம் பேச்சக் கேக்கும், தெரியும்லா?"

தெரியும். கார்குழலியின் பிழைப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அது.

"கூப்டுங்க அண்ணாச்சி. வர்றவரு பொறுப்புன்னு எய்தி வாங்கிக்கங்க. எங்கையால இத்த உள்ள வுட மாட்டேன். ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா கம்பெனிக்காரங்ககிட்டயே கேட்டு வாங்கிட்றேன்."

அண்ணாச்சி வேறு ஆளைக் கூப்பிடவில்லை. கார்குழலி எடைமேடை நிறுவனத்துக்குப் பேசினார். நான்கு பேர் கைமாற்றிய பிறகு சரியான இணைப்பு வந்தது. கடையின் இணையம் தவழ, தன் கைபேசியின் இணையத்தைக் கொடுத்தார். முதல் லாரியின் ஓட்டுநர் துரை வாசலில் தலையை நீட்டினார். "இன்னா யக்கா, கம்பூட்டருக்குத் தாலாட்டு பாடிகினு கீறியா?"

"உன் வண்டில எவனோ ஏறி குந்திகினா, ஆருன்னு கேக்காம ஓட்டுவியா மாமு?"

"லேடீசா இருந்தா ஓட்டுவேன்."

"அதான் உன் பொண்டாட்டி நம்பர வாங்கி வெச்சிகிறேன்."

மற்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்க்கடையில் அந்தக் கோப்பால் இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆன்றோ அதை அவ்வப்போது சொல்லிக் காட்டுகிறார். "ஆவாத வரிக்கும் சந்தோஷம்ணா" என்கிறார் கார்குழலி. மனதாரத்தான் சொல்கிறார்.

அன்று பதினொன்றே முக்காலுக்குப் பெட்டி மறுபடி எழும்பியது. நீலம். நிறுவனத்தின் பெயரை எடைக்கருவியின் முதுகில் ஒட்டியிருந்த தகட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். பொருந்தியது. கடவுச்சொல்லுக்கான கட்டம் காத்திருந்தது.

சண்முகவேல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீயே போட்டுரும்மா. பாஸ்வேர்டச் சொல்லுதேன், எழுதி வச்சுக்க. இனி அது உங்கிட்டயே கெடக்கட்டும். மத்த கடைக்காரங்களையும் உங்கிட்டயே குடுக்கச் சொல்லிருதேன்."

"வாணாம் அண்ணாச்சி. உங்க வூட்டு சாவி எனுக்கு எதுக்கு? நீங்களே போடுங்க."

சொல்லிக்கொண்டே எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டி வாசலில் போய் நின்றார். வேலை முடிந்து தன்னைத்தான் கூப்பிட வந்திருக்கிறார் என்று நினைத்த துரை வண்டியைக் கிளப்பினார். உள்ளே அண்ணாச்சி ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தார். கார்குழலி திரும்பவில்லை. உருண்டு வந்த லாரிக்கு நேரே உள்ளங்கையை உயர்த்தினார். பின்னால் கடைசி எழுத்து தட்டப்படும்வரை அந்தக் கை இறங்கவில்லை.