தலைகீழாய் நின்ற புத்தகங்கள்

வேலைக்காகக் கன்னட ஊருக்கு வந்த புதிதில், ஸ்ரீராம்புரத்து நூலகத்தில் தமிழ் அலமாரியை முதன்முதலாகப் பார்த்தபோது என் கை பரபரத்தது. பாதிப் புத்தகங்கள் தலைகீழாக நின்றன. ஆரணியில் எங்கள் நூலகர் பார்த்திருந்தால் ஊரையே இரண்டாக்கியிருப்பார். நிமிர்த்தப் போனேன். பின்னாலிருந்து ஒருவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஊதுபத்தி கம்பெனியில் வேலை செய்யும் செல்வி அக்கா. "அத்தத் தொடாத கண்ணு, நான் பாதி படிச்சி வச்சிருக்கேன்" என்றார்.

அப்புறம்தான் விளங்கியது. இங்கே வந்து உட்கார்ந்து, முடிந்தமட்டும் படித்துவிட்டுத் தலைகீழாக வைத்துப் போவார்கள். அதை இன்னொருவர் தொடமாட்டார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான். வீட்டுக்கு எடுத்துப்போக உறுப்பினர் கார்டு வேண்டும். அது ஒருவரிடமும் இல்லை. கேட்டால் எந்த ஊர் என்பார்கள், எதற்கு வம்பு என்றார் அக்கா. இத்தனைக்கும் அவர் பிறந்ததே இந்தத் தெருவில்! எனக்குக் கோபம்தான் வந்தது. ஆரணியில் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக நூலகத்துக்குப் போய், சொந்த வீடு மாதிரி ஃபேனுக்கடியில் இடம்பிடிப்பேன். எந்த ஊர் என்று கேட்க ஆளில்லை.

தொண்ணூறுகள் முடிகிற சமயம் அல்லவா, எங்கே பார்த்தாலும் கம்ப்யூட்டர் பேச்சு. தமிழ் அலமாரியை எடுத்துவிட்டு அங்கே கம்ப்யூட்டர் வைக்கப்போவதாக நூலகர் மேடம் சொன்னார். தமிழ்ப் புத்தகங்களை யாரும் படிப்பதில்லையாம். தலைகீழாகக் கிடந்தாலும் நிமிர்த்த ஆளில்லையாம், அதுவே சாட்சியாம். சிரிப்பதா அழுவதா? என் அரைகுறைக் கன்னடத்தில் விளக்கினேன். புத்தகங்களைத் தலைகீழாக வைக்க நான் அனுமதி கேட்பதாக நினைத்துக்கொண்டு, முடியவே முடியாது என்றார். இதற்கு மேல் என் கன்னடம் தாங்காது. செல்வி அக்காவை இழுத்துவந்தேன்.

"நம்ம சொன்னா கேப்பாங்களா?"

"நீங்க இங்கயே பொறந்தவங்கக்கா. நீங்க கேக்காம வேற யார் கேக்கறது?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடத்தின் முன்னால் போய் நின்றார். அடேயப்பா, என்ன கன்னடம்! தலைகீழாக நின்ற ஒவ்வொரு புத்தகத்தையும் தொட்டு, இது பூக்காரம்மா படிப்பது, இது கார்ப்பரேஷன் குப்பை வண்டிக்காரர் படிப்பது என்று ஆள் ஆளாகச் சொன்னார். மேடம் தலைகீழாக நின்ற புத்தகங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு, கார்டு வாங்கி எடுத்துப்போங்கள், அப்போதுதான் மேலே சொல்லி அலமாரியைக் காப்பாற்ற முடியும் என்றார். ரேஷன் கார்டு காட்டினால் போதுமாம். தெருவே வந்து வரிசையில் நின்றது.

நானும் நின்றேன். ஆனால் என் பெயர் இருக்கிற ரேஷன் கார்டு ஆரணியில் அல்லவா இருக்கிறது? மேடத்துக்கே சங்கடமாகிவிட்டது.

ஆரணியிலிருக்கும் உங்கள் எல்லாருக்கும் இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன். அலமாரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் போகும்போது அதில் நல்ல கதைப்புத்தகம் ஒன்றுகூட இருப்பதில்லை. எல்லாம் வீடுகளுக்குப் போய்விடுகின்றன. சந்தோஷம்தான், வயிறும் எரிகிறது. வேறு வழியில்லாமல் கன்னடப் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். அந்தப் பக்கம் மேடம் என் உச்சரிப்பைத் திருத்துகிறார். இந்தப் பக்கம் செல்வி அக்கா உட்கார்ந்துகொண்டு, தன் வீட்டிலிருக்கும் தமிழ் நாவலின் கதையை எனக்குச் சொல்கிறார்.