அப்பாவின் வலது கண்ணும் என் அவசரமும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அப்பாவோடு தறிக்கூடங்களில் வேலை பார்த்த அன்பர்களுக்கும் அவருடைய ஒரே மகளின் வணக்கம். அப்பா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நல்ல மனிதர், யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். கூடவே இன்னொன்றையும் சொல்கிறீர்கள். "எல்லாஞ் சரிதானுங்க, அந்த வில்லை மட்டும் தொடாம இருந்திருந்தா கண்ணு போயிருக்காது" என்று. காரியத்தன்று மட்டும் ஏழெட்டுப் பேர் என்னிடமே அதைச் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா அந்தியூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில், மழையை நம்பிய காட்டுக்காரக் குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். மழை அடுத்தடுத்து ஏமாற்றியதால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் சோமனூருக்கு வந்துசேர்ந்தார். தறிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குவதில் தொடங்கி, சில வருடங்களில் தறிகளைப் பழுதுபார்க்கும் பிட்டர் ஆனார். எந்தக் கூடத்தில் தறி நின்றாலும் அப்பாவுக்குத்தான் ஆள் வரும். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவார். "அங்க எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க அம்மணி, வந்து சாப்புடறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார். அந்த வேலைக்குக் கைப்பழக்கம் பாதி, கண் பாதி என்று அப்பாவே சொல்வார்.

நான் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது, பள்ளி விளையாட்டு ஆசிரியை என்னைச் சிங்காநல்லூரில் ஒரு மைதானத்துக்கு வில்வித்தை பழக அனுப்பினார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். "பொட்டப்புள்ளைக்கு வில்லு எதுக்குங்க மச்சான்? நாளைக்குக் கையி காலுல பட்டா எவனுங்க கட்டுவான்?" அப்பா மறுநாள் காலையில் என்னை மொபெட்டில் உட்காரவைத்து மைதானத்தில் கொண்டுபோய் விட்டார்.

விவரம் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுடையது மரவில். இரண்டு நுனிகளும் முன்பக்கமாக வளைந்திருக்கும். பயிற்சி முடிந்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும், மறுமுறை எடுக்கும்போது மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கென்றே ஒரு தனிக் கயிறு உண்டு. கயிற்றின் இரு முனையிலும் உள்ள தோல் உறைகளை வில்லின் இரு நுனிகளிலும் மாட்டி, தொங்கும் கயிற்றின் நடுவில் கால் வைத்து மிதித்துக்கொண்டு, கைப்பிடியை நேராக மேலே தூக்க வேண்டும். வில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக வளையும். அப்போது, கீழ் நுனியில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நாணின் மறுமுனைக் கண்ணியை மேல் நுனியில் உள்ள வெட்டில் ஏற்ற வேண்டும். இரண்டு கண்ணிகளும் சரியாக உட்கார்ந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே வில்லை மெல்ல இறக்க வேண்டும். முகத்தை நுனிக்கு நேராகக் கொண்டுபோகக் கூடாது, பக்கத்திலும் யாரையும் நிற்க விடக் கூடாது. இவ்வளவுதான். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகாது.

மைதானத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு கயிறுதான் இருந்தது. அதற்காக நான் வரிசையில் நிற்பதை அப்பா ஒருநாள் பார்த்தார். அடுத்த வாரமே தறியிலிருந்து கழித்துப்போட்ட நைலான் பட்டையையும், தன் பழைய செருப்பின் தோலையும் வைத்து எனக்கென்று ஒன்று தைத்துவிட்டார். "செருப்பைத் தலைமாட்டுல வெச்சுக்காத குறைதான்" என்று, அதை நான் கீழே வைக்காததைப் பார்த்து அம்மா சிரித்தார். அது மைதானத்துக் கயிற்றைவிட நன்றாகவே இருந்தது.

மாநில அணிக்கான தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பஸ்ஸில் போய்விட்டேன். கயிற்றை வீட்டிலேயே மறந்துவிட்டேன். பொதுக்கயிற்றுக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். மூத்த பிள்ளைகள் சிலர் கயிறே இல்லாமல், வில்லைக் கால்களுக்கு நடுவே விட்டு, தொடையில் முட்டுக்கொடுத்து வளைத்து நாண் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கக் கெத்தாக இருக்கும். அப்படிச் செய்யக் கூடாது, வில் முறுக்கிக்கொள்ளும் என்று பயிற்சியாளர் பலமுறை எச்சரித்திருந்தார். அதையும் கேட்டிருக்கிறேன். ஆனாலும் மைதானத்தின் ஓரமாகப் போய் அதையே செய்தேன்.

பாதி வளைத்திருந்தபோது அப்பாவின் குரல் கேட்டது. மறந்துபோன கயிற்றைக் கொடுப்பதற்காகச் சோமனூரிலிருந்து மொபெட்டிலேயே வந்திருந்தார். எனக்குப் பின்னால் கயிற்றைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வேகமாக நடந்து வந்தார்.

"பொறு கண்ணு, வந்துட்டேன். கயிறு போட்டு ஏத்து."

"ஆயிப்போச்சுங்கப்பா" என்றேன்.

ஆகவில்லை. கண்ணி வெட்டில் உட்காரவில்லை, கை வியர்த்திருந்தது, வில் முறுக்கியது. மேல் நுனி என் கையிலிருந்து நழுவிப் பின்னால் அடித்தது. அது அப்பாவின் வலது கண்ணில் பட்டது. அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். ஒரு கையில் கயிறு அப்படியே இருந்தது.

பயிற்சியாளரும் மற்றவர்களும் மைதானத்தின் மறுகோடியில் இருந்தார்கள். நடந்ததை யாரும் பார்க்கவில்லை. மைதானத்துக்கு எதிரில் பழைய இரும்புக்கடை வைத்திருந்த அண்ணன் ஓடிவந்து, தன் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். துண்டால் கண்ணை அழுத்திக்கொண்டு அப்பா என் காதோரம் சொன்னது இதுதான். "நான் வளைச்சுப் பார்த்தேன், வழுக்கிருச்சு. அப்படித்தான் சொல்லப்போறேன். நீ வாயைத் தொறக்காதே சாமி. தெரிஞ்சா உங்கம்மா வில்லை அடுப்புல வெச்சுப்போடுவா."

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குப் பயத்தில் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதினாறு வருடங்களுக்கு என்ன சமாதானம் சொல்வேன்?

அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதுகொண்டு அப்பாவைக் கண்டபடி பேசினார். "ஏனுங்க, கூறு இருக்குதுங்களா உங்களுக்கு? புள்ளை வெளையாடற சாமானை எதுக்குங்க தொட்டீங்க?" அப்பா கட்டுப் போட்ட முகத்தோடு, "தப்புத்தான் அம்மணி" என்றார். பார்வை திரும்பவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே வில்லோடு நான் தேர்வுக்குப் போனேன். அப்பா தைத்த கயிற்றில்தான் நாண் ஏற்றினேன். தேர்வானேன். பின்னால் பதக்கம் வந்தது, விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்தது, நல்ல இடத்தில் கல்யாணமும் நடந்தது. "மச்சான் கண்ணு போனாலும் புள்ளை தலையெடுத்துருச்சு" என்று மாமாவே மெச்சினார்.

அப்பாவால் ஒற்றைக் கண்ணோடு பிட்டர் வேலையைத் தொடர முடியவில்லை. ஒரு துணிக் குடோனில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அவரைத் தேடி வந்துகொண்டிருந்த ஆட்கள் எங்கள் வாசலைத் தாண்டி வேறு வீட்டுக்குப் போனார்கள். தூரம் பிடிபடாமல் தம்ளருக்கு வெளியே தண்ணீரை ஊற்றிவிடுவார். ஒவ்வொரு முறையும் அம்மா, "வில்லை வளைச்ச கையி இல்லீங்களா!" என்பார். விசேஷ வீடுகளில் மாமா, "ஏனுங் மச்சான், இன்னைக்கு வில்லு கில்லு ஏதாச்சும் வளைச்சீங்களா?" என்று கேட்பார். பந்தியே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். ஒருமுறை நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். 

வேலைக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மைதானத்தில் நான் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். அப்பாவும் வருவார். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு கயிறு தைத்துக் கொடுப்பார். ஊசியில் நூல் கோக்க மட்டும் யாரையாவது கூப்பிடுவார். கொடுக்கும்போது தன் கண்ணைக் காட்டி, "என்னையப் பாருங்க. கயிறு இல்லாம அவசரப்பட்டு ஏத்தினேன். என்னையாட்டம் செஞ்சுபோடாதீங்க" என்பார். பத்தடி தள்ளி நின்று நான் அம்புகளை எண்ணுவதுபோல் பாவனை செய்வேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் இன்றுவரை சின்னக் கீறல்கூட விழுந்ததில்லை. என் தப்பைத் தன் தப்பாகச் சொல்லியே அத்தனை பேரையும் அப்பா காப்பாற்றினார்.

கடைசியில் நெஞ்சுவலி வந்து மூன்று நாள்தான் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாம் நாள், மருந்து போட வந்த நர்ஸ் பெண் கண்ணைப் பற்றிக் கேட்டார். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே அதே கதையைச் சொன்னார். அறையில் நாங்கள் மூவர்தான் இருந்தோம். என்னிடமிருந்து எதையும் பறித்துக்கொள்ள இனி யாராலும் முடியாது. வேலை இருந்தது, குடும்பம் இருந்தது, வில்லை அடுப்பில் வைக்க யாரும் வரப்போவதில்லை. "இல்லீங்க சிஸ்டர், நான் செஞ்சதுங்க" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் போர்வையைச் சரிசெய்தேன். மறுநாள் விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

அன்று வண்டியை ஓட்டிய இரும்புக்கடை அண்ணனுக்கும், கண் போன மனிதர் என்று தள்ளாமல் குடோனில் வேலை கொடுத்தவருக்கும், காரியத்துக்கு எல்லாவற்றையும் முன்நின்று செய்த மாமாவுக்கும், மைதானத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். இனி அப்பாவின் கண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால், மகளுடைய அவசரத்தால் போனது என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் சரி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அவரு இருக்கறப்பவே சொல்லியிருந்தீன்னா, ஒரு நாளாச்சும் அந்த மனுசனைக் குத்திப் பேசாம இருந்திருப்பேனே" என்றார்.

நான் எழுதியதைக் கிழிக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிக்காதே. நான் தம்ளருக்குப் பேசினது, வராந்தாவுல பேசினது, எல்லாத்தையும் சேர்த்துப் போடு. ஊருக்கே கேக்கற மாதிரி அவரைப் பேசினேன். ஊரே படிக்கட்டும்."