பிரான்ஸ் மந்திரி கையெழுத்துப் போட்ட மனு

என் மேசையில் ஒரு மனு கிடக்கிறது. லெமினேட் செய்த ஒற்றைத் தாள். ஓரங்களில் செம்மண் காய்ந்து ஒட்டியிருக்கிறது. உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. இடது மூலையில் நீல மையில் பிரெஞ்சில் ஒரு வரி, அதன் கீழே ஒரு கையெழுத்து. போட்டவர் ஒரு காலத்தில் பிரான்சின் வீடமைப்பு மந்திரி.

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஏ.எல். வரை, பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு வரை, படித்த நான் அங்கே வரவேற்பு மேசையில் இருந்தேன். பதவியெல்லாம் முடிந்து, தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுத மூன்று வாரம் வந்து தங்கினார் அவர். காலையில் தேநீர் கொண்டுபோனால் உட்காரச் சொல்லி ஆங்கிலத்தில் பேசுவார். அவருடைய அம்மா துணி ஆலைத் தொழிலாளி. அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் அவர்தான். நகரசபை உறுப்பினர், மேயர், நாடாளுமன்றம், இரண்டு தடவை மந்திரி. நான் வாயைப் பிளந்து கேட்டேன். ஆலைக்காரி மகன் மந்திரியானால் கொழுந்து பறிப்பவள் மகனுக்கு என்ன குறை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பெருமையில்தான் நாங்கள் குடியிருந்த தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் போய் உளறினேன். எங்கள் லயத்துக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. ஆபத்து என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனதோடு சரி, மாற்று இடம் வரவில்லை. லயத்துக்குத் தலைவர் என் தாய்மாமா.

"வீட்டு மந்திரியா? நம்ம பங்களாவுலயா?" என்று எழுந்துவிட்டார்.

"மாமா, அவரு பிரான்ஸ் மந்திரி. அதுவும் பழைய மந்திரி."

"எந்த நாட்டு மந்திரியா இருந்தா என்னடா? மந்திரி மந்திரிதான். நம்ம மந்திரிங்க மட்டும் என்னத்தக் கிழிச்சாங்க? வேற எடம் கேட்டு நீ இங்கிலீசுல ஒரு மனு எழுது."

எழுதினேன். மறுநாள் பத்துப் பேர் மாலையும் பொன்னாடையுமாகப் பங்களா வாசலில் நின்றார்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாலைக்குத் தலை குனிந்தார். மாமா இரண்டு கையாலும் மனுவை நீட்டினார். அவர் வாங்கினார், வாசித்தார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூலையில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு, மாமாவின் தோளைத் தட்டித் திருப்பிக் கொடுத்தார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். கைதட்டிக்கொண்டே அவர்கள் இறங்கிப் போனார்கள்.

திரும்பிப் பார்த்தேன். மாலையோடு படியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் என்ன செய்தேன்?" என்று என்னிடமே கேட்டார். "பதவி போய் ஒன்பது வருடமாயிற்று. கை தானாக எழுதிவிட்டது." அந்த வரிக்கு 'உரிய கவனத்துக்கு' என்று அர்த்தமாம். அவருடைய அமைச்சில் அதை மூலையில் எழுதினால், இதை யாரும் மறுபடி எடுக்க வேண்டாம் என்று எழுத்தர்களுக்குப் புரியுமாம். ஆயிரம் மனுவில் எழுதியிருப்பேன் என்றார். அவரைவிட அதிகமாக அதிர்ந்தேன் என்றுதான் அன்று நினைத்தேன். "ஓடு. அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பும் இல்லையென்று அவர்களிடம் சொல்" என்றார்.

ஓடினேன். லயத்தில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா அதற்குள் மனுவை லெமினேட் செய்ய ஹட்டன் பஸ் ஏறிவிட்டாராம். குடியுரிமைக் கடுதாசி இல்லாததால் நாடில்லாமல் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். கையெழுத்துள்ள எந்தத் தாளையும் நனைய விடமாட்டோம். திரும்பி வந்த மாமா, "என்னடா எழுதியிருக்காரு?" என்று கேட்டார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். "கவனிக்கச் சொல்லி எழுதியிருக்காரு மாமா" என்றேன். பொய் இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். மந்திரி ஊருக்குப் போகும்போது, "சொன்னாயா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அது பொய்.

போன மழையில் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி கிராம சேவகர் வந்தார். எல்லாரும் போனார்கள். மாமா மட்டும் அசையவில்லை. "இந்த லயத்துக்குத்தான்டா கையெழுத்து ஆயிருக்கு. நம்ம காலி பண்ணிட்டா வர்ற புது வீட்ட வேற யாருக்காவது எழுதிருவாங்க. நீ அத்தையக் கூட்டிட்டுப் போ" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். குடையைப் பிடித்துக்கொண்டு அத்தையைக் கூட்டிப் போனேன். பின்னேரம் மூன்று மணிக்கு மலை இறங்கியது. மாமாவை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தபோது மனு சட்டைக்குள் இருந்தது.

நேற்று, இன்னும் எல்லாரும் தங்கியிருக்கிற பள்ளிக்கூட வகுப்பறையில் அத்தை கேட்டார்: "அந்தக் கடுதாசி பத்திரமா இருக்கா தம்பி? புது மனுவோட அதையும் சேத்துக் குடுக்கணும்."

சொல்லிவிட்டேன். படியில் உட்கார்ந்த மந்திரி, அந்த வரியின் அர்த்தம், நான் தலையாட்டியது, எல்லாவற்றையும். அத்தை அழவில்லை, ஏசவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இது ஒங்க மாமாவுக்குத் தெரியுமாடா?"

மேசையில் மனு கிடக்கிறது. மண்ணைத் துடைத்துப் பார்த்தேன். மூலையில் அந்த வரி அன்று எழுதியது போலவே நீலமாக இருக்கிறது.